முப்பது வருடம் பேசாத கிளாஸ்மேட் இறந்தால் வருத்தப்படுவது வேஷமா?

2025 பிப்ரவரி 10 (ஆரணியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

எங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் இறந்த செய்தி வந்தது. அரை மணி நேரத்தில் திரை முழுக்கக் கும்பிடு, மெழுகுவர்த்தி, "எங்கள் இதயத்தில் என்றும் வாழ்வாய்". இதில் முக்கால்வாசிப் பேர் படிப்பு முடிந்தபின் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் காலை அதே குழுவில் குட் மார்னிங் ரோஜாப்பூ. இது வேஷம்தானே? உயிரோடு இருந்தபோது கண்டுகொள்ளாதவனுக்குச் செத்தபின் என்ன உருக்கம்?

பிப்ரவரி 10, இரவு

வேஷம் என்று அவ்வளவு சீக்கிரம் முத்திரை குத்திவிடாதீர்கள். எங்கள் செட்டிலும் ஒருத்தன் போய்விட்டான். போன திங்கட்கிழமை, விடியற்காலை. அதனால் உங்கள் கேள்வி சுருக்கென்று தைத்தது.

வேலூர் ஓட்டேரியில் இருக்கும் அரசுக் கலைக் கல்லூரி, பி.ஏ. வரலாறு, 1991-94. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த காலம். திருவள்ளுவர் பல்கலைக்கழகமெல்லாம் 2002இல்தான் வந்தது. வட ஆற்காடு மாவட்டம் 1989இல்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆனால் வகுப்பில் இரண்டு பக்கத்துப் பையன்களும் கலந்தே இருந்தோம். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. ஊர்தான் பெயர். போளூர், செங்கம், லத்தேரி, பள்ளிகொண்டா. இவன் குடியாத்தம். நான் சத்துவாச்சாரி. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் சொந்தப் பெயர் காதில் விழும். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு "யார்றா இது?" என்று எனக்குப் போன் போட்டவர்கள் இரண்டு பேர். "குடியாத்தம்டா" என்றதும் எதிர்முனையில் பேச்சில்லை. இங்கேயும் அவனைக் குடியாத்தம் என்றே எழுதுகிறேன். வீட்டாரைக் கேட்காமல் பெயர் போடுவது சரியில்லை.

கடைசியாக அவனை எப்போது பார்த்தேன் என்று யோசித்தால் ஒரு கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடம் ஞாபகம் வருகிறது. இலையில் இருந்து எழுந்து வந்தவன் ஈரக்கையோடு தோளைத் தட்டினான். யாருடைய கல்யாணம் என்பது வரவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, சொல்லிவிடுகிறேன். வந்தது வேறு. பத்தொன்பது வயதில் நான் எப்படி இருந்தேன் என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருவன் குறைந்துவிட்டான். அந்தப் பத்தொன்பது வயது ஆளை என் மனைவிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். சைக்கிளில் லைட் இல்லை என்று போலீஸ்காரர் நிறுத்தியபோது நான் குரல் உடைந்து நின்றதும், பக்கத்தில் இவன் "சார், இவங்க அப்பா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கார்" என்று வாய் கூசாமல் அளந்ததும் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். இப்போது அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். (அப்பா மண்டித் தெருவில் கணக்கு எழுதினார்.)

இந்த வருத்தம் பாதி சுயநலம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். வேஷம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிப்ரவரி 11

மெழுகுவர்த்திப் படம் பற்றி. நானும்தான் போட்டேன். அந்த நேரத்தில் விரலுக்கு அதுதான் வருகிறது. அந்தக் காலத்தில் சாவு வீட்டு வாசலில் போய்ச் சும்மா நின்றுவிட்டு, "எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டு வருவார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குட் மார்னிங் ரோஜாப்பூ விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சி.

பிப்ரவரி 14

இரண்டு நாளாக எங்கள் செட்டின் வாட்ஸ்அப் குழுவில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு வேறொரு கோபம். அவனை மகானாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"யாரையும் கடிந்து பேசாதவர்." குடியாத்தமா? ஜன்னல் சீட்டுக்காக டவுன் பஸ் கண்டக்டரோடு தினம் ஒரு பானிபட் நடத்தியவன். "எளிமையின் சிகரம்." கையில் காசு இல்லை, அவ்வளவுதான். "ஆசிரியர்களின் செல்லப்பிள்ளை" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். அவன் இரண்டாம் வருடம் முழுக்க எந்த வகுப்பில் இருந்தான் என்பதே எனக்குச் சந்தேகம்.

உச்சம் என்னவென்றால், அவன் எல்லோரிடமும் வாங்கிய கைமாற்றுக்கு ஒரு புதுக் கதை. ஏழை மாணவன் ஒருவனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டத்தான் வாங்கினானாம், வெளியில் சொல்லவில்லையாம். அப்பா சாமி! அந்த ஐம்பது ரூபாயில் பாதிக்கு நானே சாட்சி. மக்கான் பக்கத்தில் ஒரு கடையில் பிரியாணி சாப்பிட்டோம். சீரக சம்பா, கத்திரிக்காய்த் தொக்கு, கூட ஒரு முட்டை. மீதியில் சாயங்கால ஷோ. ஏழை மாணவன் என்று யாராவது இருந்தால் அது நான்தான், எனக்கும் சேர்த்து அவன்தான் டிக்கெட் எடுத்தான்.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பது சரி. இல்லாததைச் சொல்வதும் குறைதான். அந்தக் குழுவில் அவர்கள் எழுதிவைத்திருக்கும் மகான் யாரோ, எனக்குத் தெரியாத ஆள். அவருக்காக நான் ஏன் வருத்தப்பட வேண்டும்?

பிப்ரவரி 15

"நல்லவிதமாகச் சொல்ல ஒன்றுமே இல்லையா?" என்று மேலே ஒருவர். நிறைய இருக்கிறது. ஒன்று சொல்கிறேன்.

வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பட்டியல் உண்டே: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில். பாகாயம் பஸ்ஸில் ஒரு வெளியூர்க்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார். குடியாத்தம் எழுந்து நின்று, "சார், லிஸ்ட்டை மாத்துங்க, சாமி 1981லயே வந்துட்டார்" என்று ஆரம்பித்தான். சத்துவாச்சாரி கோயிலில் பல காலம் இருந்த லிங்கத்தைக் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலில் கொண்டுவந்து வைத்த கதை முழுவதையும் பஸ்ஸுக்கே சொன்னான். அந்த மனிதர் இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. வகுப்பில் வாயே திறக்காதவன்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டபோது குழுவில் வெள்ளத்து வீடியோ போட்டு, கீழே இப்படி எழுதினான்: "தண்ணி இல்லாத ஆறும் போச்சு. இனி வேலூருக்கு என்னடா பெருமை?" அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

பிப்ரவரி 20

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை. காலையில் சடங்கு, படையல், பங்காளிகளுக்குத் துணி. அதெல்லாம் எங்கும் நடப்பதுதான். நான் சொல்ல வந்தது ராத்திரி நடந்தது.

அவனுடைய பெரியப்பா பிடிவாதமாகக் கூத்து வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் கருமாதிக்குத் தெருக்கூத்து வைத்தால் அது பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதம் முழுக்க நடக்கும், அது வேறு. சாவுக்கு இது. கர்ணன் களத்தில் விழுந்து, தான் செய்த புண்ணியத்தையெல்லாம் கிழப் பார்ப்பானாக வந்த கிருஷ்ணனுக்குத் தாரை வார்த்து, மோட்சம் போகிற கதை. இதை ஆடினால் இறந்தவருக்கும் அந்த வழி திறக்கும் என்று நம்பிக்கை. இப்போதெல்லாம் பாதி வீடுகளில் ஃபிளெக்ஸ் பேனரோடு முடித்துவிடுகிறார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் மத்தளம். மிருதங்கத்தையும் மத்தளத்தையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒரு முறை இரண்டு கஜ தூரத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும், நெஞ்சுக்கூட்டுக்குள் இடிக்கும். கட்டை கட்டிக்கொண்டு கர்ணன் வந்தார். தானத்தில் சிறந்தவன், கேட்டவருக்கு இல்லை என்னாதவன் என்று விருத்தம் பாடினார். எனக்கு இடது பக்கம் போளூர், வலது பக்கம் லத்தேரி. போளூர் என் காதில் சொன்னான்: "வாங்கின பாக்கி எதையும் திருப்பாதவனுக்குப் போய் கர்ண மோட்சமா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயில் துண்டை வைத்துக்கொண்டோம். பின்னாலிருந்து ஒரு கிழவி முறைத்தார். ஏற்கெனவே கட்டியக்காரன் வேறு ஊர் வரி பாக்கி, கேஸ் சிலிண்டர் என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்ததால் தப்பித்தோம்.

அப்புறம் பொன்னுருவி கட்டம் வந்தது. போருக்குக் கிளம்பும் புருஷனை முதலில் ஏசிவிட்டு, பிறகு அவன் காலைக் கட்டிக்கொண்டு அழும் இடம். பெண் வேடம் கட்டியிருந்தவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். ஷேவ் செய்த பச்சை பவுடருக்கு அடியில் தெரிந்தது. அவர் குரல் எடுத்த பிறகு அதெல்லாம் கண்ணில் படவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த குடியாத்தத்தின் மனைவி, அதுவரை பந்தல்காரர் கணக்கு, மைக்செட் கணக்கு என்று பேசிக்கொண்டே இருந்தவர், எழுந்து உள்ளே போய்விட்டார். போளூர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. சிரிப்பு நின்று ரொம்ப நேரமாகியிருந்தது.

கேள்வி கேட்ட ஆரணிக்காரருக்கு: ஆடியவர்கள் முகத்தில் அரிதாரம், தலையில் கட்டைக் கிரீடம். முழு வேஷம். யாரும் குறை சொல்லவில்லை.

பிப்ரவரி 21

கூத்துக் குழுவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். கேட்கவில்லை. பெரியப்பா கொடுத்தார், நாங்கள் எங்கள் பங்குக்குக் கர்ணன் தட்டில் போட்டோம்.

மார்ச் 2

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய நோட்டுகளைக் கிளறினேன். மூன்றாம் வருட நோட்டில் நடுகல் பாடம் கிடைத்தது.

எங்கள் பழைய வட ஆற்காடு மண் நடுகல்லுக்குப் பேர்போனது. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் போனால் பல்லவர் காலத்துக் கற்கள் வயல் வரப்பில் நிற்கும். ஆம்பூரிலும் உண்டு. மாடு பிடிக்க வந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவனுக்குக் கல். எங்கள் ஆசிரியர் எடுத்தனூர்க் கல்லைப் பற்றிக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்று ஒரு வீரன், எருமைகளுக்காக நடந்த சண்டையில் பட்டுப்போனான். கல்லில் அவனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்னும் நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்குத் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

பரீட்சையில் எவனுக்கும் வீரன் பெயர் வரவில்லை. நாயின் பெயர் குடியாத்தத்துக்கு மட்டும் வந்தது. அதற்கப்புறம் கல்லூரி கேண்டீன் வாசலில் படுத்திருந்த செவலை நாய்க்குக் கோவிவன் என்றே பெயர். "கோவிவா, ரெண்டு வாத்தியாரைக் கடிச்சுக் காத்திரு" என்பான். நான்கைந்து வருடம் கழித்துப் படித்த பையன்களும் அந்த நாயை அப்படித்தான் கூப்பிட்டார்களாம், ஏன் என்று தெரியாமலே.

அந்தக் கல்லை வெட்டியவர்களைப் பாருங்கள். பண்பாளன், எளிமையின் சிகரம் என்று எதுவும் இல்லை. எந்த அரசன் காலம், யாருடைய ஆள், எதற்காகச் செத்தான், கூட இருந்த நாய் என்ன செய்தது. அவ்வளவுதான். ஆயிரத்து நானூறு வருடம் ஆகிறது, அந்த நாய்கூட நமக்குத் தெரிகிறது. குழுவில் எழுதுகிறவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். அடைமொழி வேண்டாம். எருமையைச் சொல்லுங்கள், நாயைச் சொல்லுங்கள்.

இதைக் குழுவில் போட்டேன். முதல் பதில்: "ஆழ்ந்த சிந்தனை ஜி", மூன்று கும்பிடு.

மார்ச் 3

ஆனால் வேலை செய்தது. நேற்று ராத்திரியிலிருந்து வந்தவற்றில் சில:

செங்கம்: அமிர்திக்கு டூர் போனபோது அருவியில் தண்ணீரே இல்லை, பாறையில் உட்கார்ந்து குடியாத்தம் தெலுங்கில் பாட்டுப் பாடினான், அர்த்தம் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொன்னான்.

பள்ளிகொண்டா: ஹால் டிக்கெட்டை ரயிலில் விட்டுவிட்டு, காட்பாடி ஸ்டேஷன் மாஸ்டரிடம் கெஞ்சி, ஜோலார்பேட்டை வரை தகவல் சொல்ல வைத்தான், ஹால் டிக்கெட் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

லத்தேரி: என் அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து வாழைமரம் கட்டினான், கட்டின மரம் ஒன்று மாப்பிள்ளை ஊர்வலத்தின்போது சாய்ந்தது.

இப்போது ஆள் தெரிகிறது.

மார்ச் 4

"இப்படியெல்லாம் எழுதினால் அவர் பிள்ளைகள் படித்து வருத்தப்பட மாட்டார்களா?" நியாயமான கேள்வி. அதனால்தான் பெண் பிள்ளைக்கு முதலில் அனுப்பிவிட்டுத்தான் இங்கே போட்டேன். கல்லூரியில் படிக்கிறாள். அவள் எழுதியது: "அங்கிள், வாழைமரம் எங்க வீட்டுலயும் சாஞ்சுது."

மார்ச் 15

கொஞ்சம் காரியமான விஷயம். அழுகையைவிட இது உதவும்.

எங்கள் செட்டில் ஒருவன் வங்கியில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். காரியத்தன்று, வீட்டுக்காரம்மாவிடம் "தங்கச்சி, அவன் பாஸ்புக்கைக் கொஞ்சம் காட்டு" என்று கேட்டு வாங்கிப் புரட்டினான். எனக்கே ஒரு மாதிரி இருந்தது, துக்க வீட்டில் பாஸ்புக் கேட்கிறானே என்று. மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்தம். "இது என்னன்னு தெரியுமா?" என்றான். அவருக்குத் தெரியவில்லை. "ஏதோ பேங்க் சார்ஜுன்னு சொல்வாருண்ணா."

அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா. 2015இல் தொடங்கியது, அப்போது வருடத்துக்கு 330. 2022 ஜூனிலிருந்து 436. ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருடம். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், 55 வரை தொடரும். இவனுக்கு 52. பக்கத்திலேயே 20 ரூபாய்ப் பிடித்தம் இருந்தால் அது சுரக்ஷா பீமா, விபத்துக்கு மட்டும். இவன் விஷயத்தில் உதவாது.

சிக்கல் ஒன்று. நாமினியாக அம்மா பெயரைக் கொடுத்திருக்கிறான். அம்மா அவனுக்கு முன்பே போய்விட்டார். மாற்றவே இல்லை. அதனால் வாரிசுச் சான்றிதழ் வாங்கவேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரவேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டதால் அந்தச் சான்றிதழில் பிரச்சினை இல்லை. ஒரு அலுவலகத்தில், எது என்று சொல்லவில்லை, "சாயங்காலம் வாங்க" என்றே ஒரு வாரத்தை ஓட்டினார்கள். கூட லத்தேரி போய் உட்கார்ந்த பிறகு நகர்ந்தது. அவன் ஒன்றும் பேச மாட்டான், உட்கார்ந்திருப்பான். அவ்வளவு பெரிய உருவம்.

இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே உங்கள் பாஸ்புக்கை எடுத்து நாமினி யார் என்று பாருங்கள். அம்மா பெயரில் இருப்பவர்கள் பாதிப்பேர் இருப்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கு.

மார்ச் 16

எப்படி இறந்தான் என்று கேட்டவர்களுக்கு. மாரடைப்பு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சை அடைப்பது மாதிரி இருக்கிறது என்றிருக்கிறான். வாயு என்று முடிவு செய்து சோடா, இஞ்சிச் சாறு, சுடுதண்ணீர். பத்து வருடமாகச் சர்க்கரை. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலி வலியாகவே தெரியாமல் போகலாம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. வியர்த்துக் கொட்டியதும் விடியற்காலை ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். வழியிலேயே போய்விட்டான்.

இதை எழுதுவதற்குக் காரணம்: தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டம் 2023இல் வந்தது. மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸாக 14 மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கூட அட்டோர்வாஸ்டாடின். இந்த நோயில் முதல் ஒரு மணி நேரம் தங்கம். 108 என்ற எண் எல்லோருக்கும் தெரியும்; ராத்திரி பதினொரு மணிக்கு வாயுவுக்குப் போய் 108ஐக் கூப்பிடுவதா என்று கூச்சம். அந்தக் கூச்சம்தான் ஆளைக் கொல்கிறது. எங்கள் செட்டில் இதற்குப் பிறகு ஏழெட்டுப் பேர் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒருவனுக்கு இப்போது ஸ்டென்ட்.

ஏப்ரல் 27

வெயில். கத்திரி இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் 40 டிகிரியைத் தாண்டிக் காய்கிறது. மலைகள் பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரி திருப்பித் தருகின்றன. ஒருவர் இந்த இழையில் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார், ஏன் இங்கே கேட்டார் என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இலவம்பாடிப் பக்கத்துக் காய் அது, அணைக்கட்டு வழியில். காம்பில் முள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கத்திரிக்காயைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால்: எல்லோருடைய டிபன் பாக்ஸிலும் கை வைக்கும் குடியாத்தம், கத்திரிக்காய் இருந்தால் மட்டும் மூடி வைத்துவிடுவான். பிரியாணிக் கடையில் அந்தத் தொக்கு என் பக்கம் தள்ளப்படும். குறியீடு கிடைத்த செய்தி வந்த அன்று குழுவில் போட்டான்: "நான் ஆயுள் முழுக்க எதிர்த்த கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டது."

மே 18

சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் போய் வந்தோம். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். அம்மன் தலை மட்டும் ஊர் முழுக்கச் சுற்றி, கோபாலபுரம் கோயிலில் உடலோடு சேர்த்து வைப்பார்கள். கூட்டம் என்றால் நம் கால் தரையில் இருக்கிறதா என்று தெரியாது. படிக்கும்போது ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவான். பரீட்சை, வெயில் என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்போம்.

திருவிழாவைவிட அவன் கடைதான் எங்களுக்கு வேலை வைத்தது. படிப்பு முடிந்து நான்கைந்து வருடம் டி.என்.பி.எஸ்.சி. எழுதிவிட்டு, லுங்கி வியாபாரத்துக்குப் போய்விட்டான். குடியாத்தத்தில் அதுதான் தொழில்: கைத்தறி லுங்கி, இல்லாவிட்டால் தீப்பெட்டி, பீடி. நெசவாளர்களிடம் எடுத்துச் சித்தூர்ப் பக்கம் கொண்டுபோய்ப் போடுவான். தெலுங்கு அங்கேதான் அரைகுறையாக வந்தது. கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. அதைத் தங்கச்சி எங்கள் முன்னால் வைத்தார். "யார் பாக்கின்னே தெரியலைண்ணா, ஊர் பேராத்தான் எழுதியிருக்கார்."

திறந்து பார்த்தால் "பலமநேர் 4,200. வி.கோட்டா பெரிசு 1,800. வி.கோட்டா சின்னது 950. செங்கம் 600." பலமநேர் கடைக்காரரா, ஆளா? வி.கோட்டா பெரிசு என்றால் அண்ணனா, பெரிய கடையா? எங்களுக்கு வைத்த பழக்கத்தை மனிதன் வாழ்நாள் முழுக்க விடவில்லை. செங்கம் 600 என்றதும் எங்கள் செங்கம் திருதிருவென்று விழித்தான். "எப்பவோ ரெண்டு லுங்கி அனுப்பினான், சும்மா கொடுத்தான்னு நெனச்சேன்." அங்கேயே எடுத்து வைத்தான். போளூர் சும்மா இருப்பானா? "குடியாத்தம் நமக்குத் தரவேண்டியதைக் கழிச்சிக்கலாமா தங்கச்சி?" என்றான். அவர் பல மாதம் கழித்துச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "அந்தக் கணக்கை மேலே போய் அவர்கிட்ட வாங்கிக்கோங்கண்ணா."

மே 19

அவனுடைய போனில் பெயர்கள் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்க்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பார்த்தோம். அங்கேயும் "பலமநேர் 1", "பலமநேர் 2".

ஜூன் 8

பலமநேர் கிடைத்துவிட்டார். நேரில் போய் நோட்டைக் காட்டியதும் ஒரு வார்த்தை மறுக்காமல் கொடுத்தார். அவருக்குச் சாவுச் செய்தியே வந்திருக்கவில்லை. சரக்கு வரவில்லையே என்று திட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். கடையை மூடிவிட்டு எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வி.கோட்டா பெரிசு, சின்னது இரண்டும் கண்டுபிடித்தாகிவிட்டது; அண்ணன் தம்பி இல்லை, மாமனார் மருமகன். பேச்சுவார்த்தை கிடையாதாம். தனித்தனியாகப் போகவேண்டியதாயிற்று.

ஜூன் 9

குழுவில் ஒரு தரப்பு, அவன் பெயரில் கல்லூரியில் அறக்கட்டளை, ஆண்டுதோறும் பரிசு என்று ஆரம்பித்திருக்கிறது. நான் எதிர்க்கட்சி. பெயர்ப்பலகை வைக்கிற வேகத்தில் பாதியைப் பெண்ணின் மூன்றாம் வருட ஃபீஸுக்குக் காட்டினால் போதும். இரண்டும் செய்யலாமே என்கிறார்கள். பார்த்தேன், முதலில் எதற்குப் பணம் வருகிறது என்று. பலகைக்குத்தான் வருகிறது. அதனால் இப்போது பலகைக் கட்சிக்காரர்களிடம் போய், பலகை அடுத்த வருடம், ஃபீஸ் இந்த மாதம் என்று சமரசம் பேசிக்கொண்டிருக்கிறேன். முழுக்க எதிர்ப்பதைவிட இது நடக்கிற வழி.

ஜூலை 12

மூன்று செய்தி.

இன்ஷூரன்ஸ் 2 லட்சம் போன வாரம் கணக்கில் விழுந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழ்தான் இழுத்தடித்தது. வங்கிக் கிளையில் நன்றாகவே நடந்துகொண்டார்கள். பெண்ணின் ஃபீஸ் கட்டியாகிவிட்டது, பலகைக் கட்சியின் பணத்தில்.

முந்தாநாள் ஜூலை 10. 1806 சிப்பாய்ப் புரட்சி நாள் என்பதால் மக்கான் நினைவுத்தூணில் மாலை போட்டிருந்தார்கள். அந்தப் பக்கமாகப் போனபோது அவன் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். பிளஸ் டூ முடித்திருக்கிறான், கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்துவிட்டது. "எனக்கு வரலாறுதான் அங்கிள் வேணும்" என்கிறான். அவங்க அப்பா ஞாபகத்தில் சொல்கிறானோ என்று குறுக்கு விசாரணை செய்தேன். இல்லையாம், கணக்கு வராதாம். அதே காரணத்துக்காகத்தான் நாங்கள் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதை அவனிடம் சொல்லவில்லை. பி.காமில் இருக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்கிற மாதிரி தெரியவில்லை.

கடைசியாக: கடையில் இன்னும் இரண்டு கட்டு லுங்கி மீதி இருக்கிறது. கைத்தறி, கட்டம் போட்டது, பெரும்பாலும் நீலமும் பச்சையும், மூட்டினது. வெள்ளை கேட்காதீர்கள், இல்லை. மொத்தமாக எடுப்பவர்கள் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். சில்லறையாக வேண்டுமென்றால் ஆளுக்கு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆடி தள்ளுபடியெல்லாம் கிடையாது. கடனும் கிடையாது.